மட்டக்குளியில் பழைய பக்டரிக் காணி: கிணத்துத் தண்ணி ரிப்போர்ட் மட்டும் போதுமா?

மோதரை மலர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

கொழும்பு மட்டக்குளியில ஏழு பேர்ச் காணி ஒன்னு பாத்திருக்கோம். பெரிய பக்டரி இருந்த வளவு. இப்ப துண்டு போட்டு விக்கிறாங்க. பக்டரி மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, கூரைத் தகரம்கூட மிச்சமில்ல. புல்லும் ஒரு பக்கச் சுவரும் ரோட்டோரமா ஒரு கிணறும்தான் இருக்கு. அக்கம்பக்கத்து விலையைவிட நல்லாவே குறைவு, அதனால எங்க வீட்டுக்காரருக்கு ஆசை. உறுதி, பிளான் எல்லாம் லோயர் பாத்து சரின்னுட்டார்.

எனக்குத்தான் மனசு ஒத்துக்கல. அங்க பேட்டரி செஞ்சாங்கன்னு பின்பக்கத் தோட்டத்து வீட்டு அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. வளவுல ஒரு மூலையில புல்லே முளைக்கல, மொட்டையா கிடக்கு. மழை விட்ட மறுநாள் போனப்ப இன்னொரு பக்கம் தேங்கியிருந்த தண்ணி மேல வானவில் மாதிரி மினுங்குது. விக்கிறவரைக் கேட்டா ஒரு தாளை நீட்டினார். கிணத்துத் தண்ணி ரிப்போர்ட். பி.எச். (புளிப்பு அளவு), நிறம், கலங்கல், குளோரைட், கோலிபோர்ம். எல்லாத்துக்கும் நேரே "ஏற்கத்தக்கது"ன்னு இருக்கு. "இதுக்கு மேல என்ன வேணும் மிஸ்?"ன்னார்.

எனக்கும் பதில் தெரியல. இதுக்கு மேல என்ன வேணும்? மகளுக்கு மூணு வயசு, மண்ணுல விளையாடுற வயசு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிஸ்வி தெமட்டகொட

தங்கச்சி, நான் இருபத்தஞ்சு வருஷமா கட்டட வேல செய்றேன். கொழும்பு வடக்குல பழைய ஸ்டோரோ மில்லோ வேக்ஷொப்போ இல்லாத காணி கெடைக்கிறதே கஷ்டம். பயப்பட ஒண்டுமில்ல. மேல ரெண்டு அடி வெட்டி எடுத்துட்டு நல்ல கிரவல் போட்டு இறுக்குங்க. குடிக்கத்தான் பைப் தண்ணி இருக்கே. கிணத்தை மூடிடுங்க. முடிஞ்சுது.

நீரோட்டம்

மலர் தங்கச்சி, நான் மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கிற வேலையில இருக்கிறன். ஊர் யாழ்ப்பாணம், இருப்பு வெள்ளவத்தை. ரிஸ்வி நானா சொன்னதுக்குப் பிறகு வாறன், முதல் அந்தத் தாளைப் பாப்பம்.

அந்த ரிப்போர்ட் கிணத்துக்குள்ள மலசலகூடத் தண்ணி கலக்குதா, உப்பு ஏறுதா, கலங்கலா எண்டதைச் சொல்லும். பேட்டரி செய்த இடத்தில கேக்கவேண்டியது ஈயம். அந்தச் சொல்லே தாளில இல்லை. குரோமியம், நிக்கல் இல்லை. எண்ணெய் இல்லை. கழுவுற கரைப்பான்கள் இல்லை. சோதிக்காத ஒண்டை "இல்லை" எண்டு வாசிக்கக்கூடாது. எடுத்த கிணறும் ரோட்டோரத்தில எண்டு சொல்லுறீங்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுது எண்டு தெரியாமல், அந்தக் கிணறு பக்டரிக்கு மேற்பக்கமோ (தண்ணி வாற பக்கம்) கீழ்ப்பக்கமோ (தண்ணி போற பக்கம்) எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. மேற்பக்கமெண்டால், உள்ள என்ன கொட்டியிருந்தாலும் அந்தக் கிணறு நல்லாத்தான் இருக்கும்.

மினுங்கலுக்கு இப்பவே ஒரு சோதனை செய்யலாம், காசு தேவையில்லை. ஒரு குச்சியால அந்தப் படலத்தைக் குத்துங்கோ. கண்ணாடி உடையிற மாதிரித் துண்டு துண்டாப் பிரிஞ்சு அப்பிடியே நிண்டால் இரும்புப் பற்றீரியா. சதுப்பு நிலத்தில சாதாரணம், பயமில்லை. குத்தின இடம் உடனே திரும்ப ஒண்டாச் சேர்ந்தால் எண்ணெய்.

இனி, இப்பிடியான காணியைத் தொடங்கிற முறை. முதல் வேலை மண்வெட்டியில இல்லை, கதையில இருக்கு. எங்கட தொழிலில அதை முதற்கட்ட ஆய்வு எண்டுவம். என்ன செய்தவை, எந்த மூலையில செய்தவை, கழிவுத் தண்ணி எந்தக் கானால போனது, எண்ணெய்த் தாங்கி மண்ணுக்கு மேலயோ கீழயோ, கொதிகலன் எங்க, உடைஞ்ச சாமானை எங்க புதைச்சவை. நில அளவைத் திணைக்களத்தில பழைய வரைபடங்கள் இருக்கு. 1956 இல நாடு முழுக்க எடுத்த வான்படங்களும் இருக்கு. அதில அந்த இடம் வயலோ சதுப்போ எண்டு தெரியும். அதுக்குப் பிறகு எடுத்த படங்களை வரிசையா வைச்சுப் பாத்தால் எந்த வருஷம் எந்தக் கொட்டில் வந்தது எண்டு பிடிக்கலாம். தெருப் பெயரும் சிலவேளை சொல்லித்தரும். புறக்கோட்டையில காஸ் வேர்க்ஸ் வீதி எண்டு இண்டைக்கும் ஒரு வீதி இருக்கு. நிலக்கரியிலயிருந்து காஸ் எடுத்த காலத்துப் பெயர். அப்பிடி காஸ் எடுத்த இடங்களில உலகம் முழுக்கத் தாரும் சயனைட்டு ஏறின நீல மண்ணும் கிண்டக் கிண்ட வரும்.

எல்லாத்தையும்விடப் பெரிய ஆவணம் அங்க வேலை செய்த ஆக்கள். ஒருத்தரைக் கண்டுபிடியுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

மோதரை மலர்

நீரோட்டம் அண்ணா, ரொம்ப நன்றி. குச்சியால குத்திப் பாத்தேன். துண்டு துண்டா உடைஞ்சது, திரும்பச் சேரல! இவ்வளவு நாள் இதுக்குத்தான் பயந்துகிட்டு இருந்தேன்.

ஆனா மொட்டை மூலை அப்படியே இருக்கு. வேல செஞ்ச யாரையாவது விசாரிக்கிறேன்.

ஜிந்துப்பிட்டி பேரன்

இந்த இழையை என் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் சொல்கிற இடத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 1971 முதல் மூடும்வரை அங்கேதான் வேலை செய்தாராம். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"கேட்டால நுழைஞ்சதும் வலது கைப்பக்கம் வார்ப்புக் கொட்டில். ஈயத்தை உருக்கி பேட்டரித் தகடு ஊத்துவோம். மேல மிதக்கிற கசடைக் கரண்டியால வழிச்சு வெளியில கொட்டுவோம். சாம்பல் மாதிரி இருக்கும், ஆனா கையில எடுத்தா கனக்கும். மழைக்காலத்துல கொட்டிலைச் சுத்திச் சேறாகும்னு அந்தக் கசடையே போட்டு மிதிச்சு பாதை பண்ணினோம். அதுக்குப் பின்னால ஆசிட் ரூம். தரை கல்லெல்லாம் அரிச்சுப் போய் ரெண்டு தடவ மாத்தினாங்க. அந்தத் தண்ணி போற கான் பின்பக்க மூலைக்குப் போகும்.

எண்பதுக்குப் பிறகு இடது பக்கம் குரோம் பூசுற வேலை ஆரம்பிச்சாங்க. சைக்கிள் ஹேண்டில், கதிரைக் கால், குழாய்த் தலை. தொட்டி அஞ்சு. குரோம் தொட்டித் தண்ணி மஞ்சள் கலந்த சிவப்பு. அங்க நின்ன பொடியன்களுக்கு மூக்குக்குள்ள புண் வரும். பூசுறதுக்கு முதல் சாமானை ட்ரைக்குளோர்ல முக்கி கிரீஸ் எடுக்கணும். இனிப்பான வாசம், தலை சுத்தும். அது அழுக்கானதும் வாளியில எடுத்து பின் சுவரடியில ஊத்திடுவோம், மண்ணு உடனே குடிச்சுடும். தப்புன்னு யாரும் சொல்லித் தரல. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டோம்."

இதைச் சொல்லிவிட்டு தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் கொட்டில், தொட்டி, கான் எல்லாம் கீறித் தந்தார். படம் எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

நீரோட்டம்

ஐயாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ தம்பி. அந்தக் கலண்டர் தாளைக் கவனமா வைச்சிருங்கோ. காசு குடுத்து எடுக்கிற பல அறிக்கையளில இவ்வளவு விபரம் இருக்கிறேல்லை.

இப்ப மூண்டு சாமான் தெரியுது, மூண்டும் மண்ணுக்குள்ள மூண்டு விதமா நடக்கும்.

ஈயம் சோம்பேறி. விழுந்த இடத்திலேயே கிடக்கும். எங்கட கபுக் எண்டுற சிவப்புக் கல் மண்ணில இருக்கிற இரும்பு அதைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், மேல அரை மீற்றருக்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஆசிட் ஊத்தின இடத்தில கதை வேற. புளிப்புக் கூடக்கூட ஈயம் கரைஞ்சு கீழ இறங்கும். புல்லு முளைக்காத மூலை ஆசிட் கான் முடியிற இடமெண்டு ஐயா சொல்லுறதைப் பாருங்கோ. ஈயத்தில பெரிய ஆபத்து தண்ணியில இல்லை, தூசியில. பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில வைக்கிறதுதான் வழி.

குரோமியம் அப்பிடியில்லை. பூசுற தொட்டியில இருக்கிறது ஆறு வலுக் குரோமியம், அதின்ர நஞ்சு கூடின வடிவம். தண்ணியோட சேர்ந்து ஓடும், மண் பெரிசாப் பிடிக்காது. ஆனால் சதுப்புக் கரிமண்ணுக்குள்ள போனால் மூண்டு வலுவா மாறி அங்கயே தங்கிவிடும், நஞ்சும் குறையும். மட்டக்குளியில ஒரு பக்கம் கபுக், இன்னொரு பக்கம் ஆத்து வண்டலும் கரிமண்ணும். அதாலை ஒரே வளவுக்குள்ள ஒரு துளையில கூடவும் அடுத்ததில இல்லாமலும் வரலாம்.

எனக்கு நித்திரை கெடுக்கிறது மூண்டாவது. ஐயா சொன்ன கிரீஸ் எடுக்கிற ட்ரைக்குளோர், முழுப் பெயர் ட்ரைக்குளோரோஎதிலீன். டீசல், பெற்றோல் எண்டால் தண்ணியைவிடப் பாரம் குறைவு, நிலத்தடி நீருக்கு மேல மிதக்கும், கண்டுபிடிக்கலாம். இது தண்ணியைப்போல ஒண்டரை மடங்கு பாரம். நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழ போய், களியிலயோ பாறையிலயோ முட்டி, அதின்ர சரிவில வழிஞ்சு போகும். சில இடத்தில தண்ணி ஓடுற திசைக்கு எதிர்ப்பக்கமும் போகும். ஆவியாகி வீட்டுத் தரை வெடிப்பால மேல வரும். கிணத்தை மூடினாலும் வரும். ஜன்னல் சாத்தி ஏசி போட்ட அறையில அதைத்தான் சுவாசிப்பீங்கள். புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உறுதியான சாமான்.

ரிஸ்வி நானா, இதாலதான் ரெண்டடி வெட்டிறது காணாது எண்டுறன். வெட்டின மண் எங்க போகும் எண்டதையும் யோசியுங்கோ.

ரிஸ்வி தெமட்டகொட

மண் எங்க போகுமெண்டு கேட்டீங்க. உண்மையச் சொல்றேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு பழைய வேக்ஷொப் காணியில அத்திவாரம் வெட்டினோம். மண் கறுப்பு, எண்ணெ மணம். லொறிக்காரன் வந்து "ஹாஜியார், நான் கொண்டு போறேன்" எண்டான். வெல்லம்பிட்டிப் பக்கம் பள்ளக் காணி நிரப்ப ஒருத்தருக்கு வித்துட்டான். அந்தக் காணியில இப்ப வீடு இரிக்கி. 2016 வெள்ளத்துல அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணிக்குள்ள கெடந்தது. அந்த மண்ணு எங்கெங்க பரவிச்சோ, அல்லாஹ்தான் அறிவான். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

முதல்ல எழுதின பதிவை அழிக்கல. வாசிக்கிறவங்களுக்குத் தெரியட்டும், நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

சட்டம் படித்தவள்

ரிஸ்வி நானா, இதை எழுதியதற்கு நன்றி. மற்றவர்களுக்காக ஒரு விடயம். சுற்றாடல் விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவை எடுக்க, ஏற்ற, கொட்ட உரிமம் வேண்டும். நஞ்சேறிய மண்ணை லொறிக்காரரிடம் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார்.

மலர் அக்கா, அந்தத் தொழிற்சாலைக்கு எப்போதாவது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருந்திருந்தால் கோப்பு இருக்கும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் மாநகர சபைக்கும் எழுதுங்கள். தருவார்களா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். "கோப்பின் பிரதி" என்று மட்டும் எழுதாதீர்கள். உரிம விண்ணப்பம், கழிவு நீர்ச் சோதனை அறிக்கைகள், முறைப்பாடுகள், பார்வையிட்ட குறிப்புகள் என்று பிரித்துக் கேளுங்கள்.

சுன்னாகம் வழக்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மின் நிலைய எண்ணெய் கிணறுகளுக்குள் போனதென்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கொள்கை எங்கள் சட்டத்தில் நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த வழக்கில் ஓர் ஆய்வு ஒன்றைச் சொல்ல, இன்னொன்று வேறு சொல்ல, சனம் நடுவில் நின்றது. மாதிரி எடுத்த விதம் ஒழுங்காக இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

நீரோட்டம்

சட்டம் படித்தவள் சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியம். சுன்னாகம் என்ர அம்மாவின்ர ஊர். அங்க சுண்ணக்கல், வெடிப்பு வழிய தண்ணி கடகடவெண்டு ஓடும். இங்க கபுக்கில மெதுவா நடக்கும். ரெண்டும் வேற, ஆனால் பிழைக்கிற விதம் ஒண்டுதான்.

வெலிவேரியவையும் சேருங்கோ. 2013 ஓகஸ்ட் 1, தொழிற்சாலையால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்செண்டு சனம் தெருவில இறங்கின அண்டைக்கு மூண்டு பேர் கொல்லப்பட்டவை. பிரச்சினை பி.எச். குறைவு எண்டு தொடங்கினது. மேல்மாகாணக் கபுக் நிலத்தில ஆழமில்லாக் கிணத்துத் தண்ணி இயல்பாவே புளிப்பு. தொழிற்சாலைக்கு மேற்பக்கத்தில, எட்டத்தில, முதலே அளந்த கிணறுகள் இருந்திருந்தால் இயற்கை எவ்வளவு, ஆக்கள் சேர்த்தது எவ்வளவு எண்டு பிரிச்சிருக்கலாம். அந்தப் பின்னணி அளவு இல்லாமல் ஆரும் ஆரையும் குற்றம் சொல்லலாம், ஆரும் தப்பலாம். அதாலை உங்கட வளவுக்கு வெளியாலயும் ஒரு மாதிரி எடுக்கவேணும்.

லேப் ராகினி

ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம். எங்களிடம் வரும் போத்தல்களைப் பார்த்தால் அழுகை வரும். சோடாப் போத்தலில், ஜாம் போத்தலில், மூன்று நாள் காரின் டிக்கியில் கிடந்த தண்ணீர். அதற்கும் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து மக்கள் வீடு கட்டுகிறார்கள். ஆகவே இதை ஆறுதலாக எழுதுகிறேன்.

உலோகத்துக்கு: கழுவிய பிளாஸ்டிக் போத்தல். கிணற்றடியிலேயே வடிகட்டி, நைத்திரிக் அமிலம் சில துளி விட்டு, பி.எச். 2 க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிகட்டாமல் கலங்கல் தண்ணீருக்கு அமிலம் விட்டால் மிதக்கும் மண்ணில் உள்ள ஈயமும் கரைந்து, தண்ணீரில் இல்லாத ஈயம் தாளில் வரும். அமிலமே விடாவிட்டால் ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு, இருக்கிற ஈயம் தாளில் வராது.

ஆறு வலுக் குரோமியத்துக்குத் தனிப் போத்தல், அமிலம் கூடாது, 24 மணித்தியாலத்துக்குள் சோதிக்க வேண்டும். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை கொண்டுவராதீர்கள்.

ட்ரைக்குளோருக்கு 40 மில்லிலீற்றர் கபிலக் கண்ணாடிக் குப்பி. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குப்பியைச் சரித்துப் பிடித்து, சுவரோடு சத்தமில்லாமல் தண்ணீரை வழிய விட வேண்டும். வாய்வரை வந்து, வாய்க்கு மேலே தண்ணீர் ஒரு சிறிய மேடாக எழும்பி நிற்கும். அந்த மேடு குலையாமல் மூடியை வைத்துத் திருக வேண்டும். பிறகு குப்பியைத் தலைகீழாக்கி விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு கடுகளவு குமிழி ஓடினாலும் திரும்பவும் எடுங்கள். அந்தக் குமிழிக்குள்தான் நீங்கள் தேடுகிற சாமான் போய் உட்காரும்.

எல்லாம் ஐஸ் பெட்டியில், 4 பாகை அளவில். ஒரே இடத்தில் இரட்டை மாதிரி ஒன்று, வெறும் சுத்த நீர் நிரப்பிய போத்தல் ஒன்று. யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தார் என்று ஒரு தாள் கூடவே வர வேண்டும்.

கொலன்னாவை வாசி

ஒரு சின்னக் கேள்வி. 1995 ஒக்ரோபர் 20 கொலன்னாவை எண்ணெய்த் தாங்கி எரிந்தபோது எனக்குப் பத்து வயது. வானம் முழுக்கக் கறுப்பு, காயப்போட்ட உடுப்பில் எல்லாம் கரி. அந்தப் பக்கத்துக் காணிகளுக்கும் இதே முறையா?

நீரோட்டம்

முறை ஒண்டு, தேடுற சாமான் வேற. எண்ணெய் எண்டால் பென்சீன் குடும்பமும் நீளச் சங்கிலி ஐதரோகாபன்களும் பாக்கவேணும். நிலத்தடி நீர் ஏறி இறங்கிற மட்டத்தில ஒரு கறைப் படையா ஒட்டிக்கிடக்கும். துளைக் கிணத்து வடிகுழாய் அந்த மட்டத்தைத் தாண்டி மேல வரை இருக்கவேணும், இல்லாட்டி மிதக்கிற எண்ணெய் உள்ள வராது. உங்கட காணியைப் பற்றித் தனி இழை போடுங்கோ, வாறன்.

மோதரை மலர்

மூணு மாசம் கழிச்சு எழுதுறேன். நிறைய நடந்துச்சு.

அந்த வளவுல துண்டு வாங்க இருந்த மத்த நாலு குடும்பத்தையும் தேடிப் பிடிச்சோம். எல்லாரும் சேர்ந்து, "சோதிக்க விட்டாத்தான் முற்பணம்"ன்னு சொன்னோம். ரெண்டு வாரம் இழுத்துட்டு விக்கிறவர் ஒத்துக்கிட்டார். செலவை அஞ்சு வீடா பிரிச்சோம். நீரோட்டம் அண்ணா தெரிஞ்ச ஒரு குழுவைக் காட்டிக் குடுத்து, அன்னைக்கு நாள் முழுக்கக் கூடவே நின்னார். ஜிந்துப்பிட்டித் தாத்தாவும் வந்தார், பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டு. கலண்டர் தாளைத் தூக்கிப் பாக்கவே இல்ல. மிச்சமிருந்த சுவர்ல இருந்து அடியை எண்ணி எண்ணி நடந்தார். முப்பத்திரண்டு அடி, கைத்தடியால தட்டி "இங்க ஈயக் கெண்டி". இன்னும் நாப்பது அடி, "இங்க மூணாந் தொட்டி."

கை ஓகரை, கையால திருகித் துளைக்கிற கருவியை, அங்க இறக்கினாங்க. மேல புல்லு வேரும் சிவப்பு மண்ணும். ஒரு சாண் போனதும் சத்தமே மாறுச்சு, கரகரன்னு. மேல வந்த மண்ணு சாம்பல் நிறம், நடுவுல சின்னச் சின்ன உருண்டை. ஒன்னைக் கையுறை போட்டு எடுத்துத் தந்தாங்க. சுண்டு விரல் நகமளவுதான், கனம் தனியாத் தெரியுது. தாத்தா சொன்ன கசடு. அதுக்குக் கீழ கபுக் வந்ததும் நிறம் சிவப்பாயிடுச்சு.

துளைக் கிணறு மூணு போட்டோம், முக்கோணமா. மூணுலயும் தண்ணி மட்டத்தை அளந்து, எது உயரம் எது பள்ளம்னு பாத்து, ஓடுற திசையைக் கணக்குப் போட்டாங்க. ரோட்டுப் பக்கத்துல இருந்து பின்பக்கத் தோட்டத்தை நோக்கி ஓடுது. விக்கிறவர் காட்டின கிணறு எல்லாத்துக்கும் மேற்பக்கம்! அந்த ரிப்போர்ட் உண்மைதான். அந்தத் தண்ணி நம்ம பக்டரியைப் பாக்கவே இல்ல.

முடிவு வந்துடுச்சு. கசடு இருந்த மண்ணுல ஈயம் மிக அதிகம். அதை அண்ணாவே விளக்கட்டும்.

நீரோட்டம்

மலர் கேட்டதால எழுதிறன். தாள்களை நானும் பாத்தன்.

மண்ணில ஈயத்துக்கு ஒப்பிட டச்சுக்காரரின்ர தலையீட்டு அளவை, அதாவது தாண்டினால் நடவடிக்கை வேணும் எண்டுற அளவை, எடுத்தம், கிலோவுக்கு 530 மில்லிகிராம். அமெரிக்காவில வீட்டு வளவுக்கு 2024 இல முதற்கட்ட அளவை 400 இலயிருந்து 200 ஆக் குறைச்சவை. கொட்டில் பாதை மண் ரெண்டையும் பல மடங்கு தாண்டுது. கபுக்குக்குள்ள ஒரு மீற்றர் இறங்கினதும் சடாரெண்டு குறையுது, ஆசிட் மூலையைத் தவிர. அங்க ஆழத்திலயும் இருக்கு.

குரோமியம், நடுத்துளைத் தண்ணியில குடிநீர் எல்லையான லீற்றருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு. பின்துளை கரிமண்ணுக்குள்ள, அங்க ஆறு வலு பிடிபடேல்லை. இது நல்ல செய்தி, ஆனால் ஒரு துளையை வைச்சு முழுப் பின்பக்கத்துக்கும் நல்லதெண்டு சொல்லமாட்டன்.

ட்ரைக்குளோர் நடுத்துளையில இருக்கு. அதோட அது சிதைஞ்சு வாற வினைல் குளோரைட்டும் இருக்கு, அது தாயைவிட மோசம். எவ்வளவு ஆழம் போயிருக்கெண்டு பாக்கக் கீழ துளைக்கவேணும். அண்டைக்கு நான்தான் நிப்பாட்டச் சொன்னன். கீழ ஒரு களிப் படை இருக்கு. அதை யோசிக்காமல் குத்தினால் மேல தேங்கி நிக்கிறதுக்கு நாங்களே வழி வெட்டிக் குடுத்த மாதிரி. வெளிக்குழாய் இறக்கி, பென்டனைட் களியால அடைச்சு, பிறகு உள்ளால துளைக்கிற ஆக்கள் வேணும். இது ஏழு பேர்ச் வாங்கிற குடும்பம் செய்யிற வேலையில்லை.

இன்னொண்டு. நாங்கள் அளந்தது வறண்ட பெப்ரவரியில. ஒக்ரோபர், நவம்பர் மழைக்குப் பிறகு களனி ஆறு ஏறி நிக்கேக்க மட்டமும் மாறும், திசையும் கொஞ்சம் திரும்பலாம். அப்பவும் ஒருக்கா அளக்கவேணும்.

ரிஸ்வி தெமட்டகொட

மலர் தங்கச்சி, வாங்குறீங்களா?

மோதரை மலர்

இல்ல நானா. அஞ்சு குடும்பமும் விலகிட்டோம். வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சிருந்தார். இப்ப அவர்தான் தாளை எல்லாருக்கும் காட்டுறார்.

ஆனா எனக்கு இப்ப நித்திரை வராதது வேற விஷயத்துக்கு. தண்ணி ஓடுற பக்கம் தோட்டம் இருக்கு. பதினெட்டு வீடு, பொதுக் கிணறு ரெண்டு. குளிக்க, துவைக்க அதுதான். பைப்புல தண்ணி வராத நாள்ல ஒரு சில வீட்டுல சோறும் அதுலதான். பிள்ளைங்க அந்த வளவுலதான் கிரிக்கட் விளையாடுதுங்க. தாத்தா காட்டின கெண்டி இருந்த இடம் அவங்களுக்கு விக்கட். நாங்க விலகிட்டோம், அவங்க எங்க விலகுவாங்க? பேட்டரின்னு முதல்ல எனக்குச் சொன்ன அம்மா அங்கதான் இருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது, எப்படிச் சொல்றது?

நீரோட்டம்

பயப்படுத்தாமல், மறைக்காமல் சொல்லுங்கோ. இண்டைக்கே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. அந்தக் கிணத்துத் தண்ணியில சமைக்கவேண்டாம். கொதிக்கவைச்சால் சரி எண்டு நினைப்பினம். ஈயமும் குரோமியமும் கொதிச்சால் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடும். பிள்ளையள் அந்த வளவுக்குப் போகவேண்டாம். வீட்டுக்குள்ள செருப்பு வேண்டாம். விளக்குமாத்தால தூசி கிளப்பாமல் ஈரத்துணியால துடைக்கட்டும். சாப்பிட முதல் பிள்ளையின்ர கை கழுவவேணும்.

பிறகு ரெண்டு பொதுக் கிணறும் சோதிக்கவேணும். பிள்ளையளுக்கு இரத்தத்தில ஈயம் பாக்கவேணும். ஐந்து மைக்ரோகிராம், அதாவது டெசிலீற்றருக்கு அவ்வளவு வந்தாலே எங்கயிருந்து வருகுதெண்டு தேடி நிப்பாட்டச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஊடாக எம்.ஓ.எச்.சுக்கு (சுகாதார வைத்திய அதிகாரி) எழுத்தில குடுங்கோ. சுற்றாடல் அதிகாரசபைக்கு முறைப்பாடு வேற. ரெண்டுக்கும் சோதனைத் தாள்களை இணையுங்கோ.

சட்டம் படித்தவள்

முறைப்பாட்டை நான் எழுதித் தருகிறேன், தமிழிலும் சிங்களத்திலும். தாத்தா சொன்னதை ஒரு சத்தியக்கடதாசியாக முடித்தால் நல்லது. அவருக்கு உடல்நிலை இடம் கொடுக்குமா தம்பி?

ஜிந்துப்பிட்டி பேரன்

கேட்டேன். "இதுக்குத்தானே இவ்வளவு நாள் இருந்திருக்கேன்" என்றார். எந்த நாள் என்று சொல்லுங்கள், கூட்டி வருகிறேன்.

லேப் ராகினி

இரண்டு பொதுக் கிணறுகளின் உலோகச் சோதனைச் செலவை நானும் என் கூட வேலை செய்கிற இருவரும் ஏற்கிறோம். போத்தல்களை நானே கழுவிக் கொண்டுவருகிறேன். ஆறு வலுக் குரோமியம் இருப்பதால் வார நாளாக வையுங்கள்.

ரிஸ்வி தெமட்டகொட

ஐஸ் பெட்டி, வாகனம் என் பொறுப்பு. அந்த வெல்லம்பிட்டி வீட்டுக்காரரையும் தேடிக்கிட்டு இரிக்கேன். லொறிக்காரன் நம்பர் கெடச்சிட்டு. மண் போட்ட எடத்த அவன் ஞாபகம் வச்சிருக்கான். நீரோட்டம் தம்பி, அங்கயும் ஒரு நாள் வரணும்.

நீரோட்டம்

வாறன் நானா.

மோதரை மலர்

அம்மாவைப் போய்ப் பாத்தேன். டீ ஊத்திக் குடுத்தாங்க. எந்தத் தண்ணின்னு கேக்க வாய் வரல. குடிச்சுட்டு எல்லாத்தையும் சொன்னேன். அவங்க அழல, கோவிக்கல. வீட்டுக்குள்ள போய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தாங்க. பதினெட்டு வீட்டுப் பிள்ளைங்க பேரும் வயசும் அதுல இருக்கு, பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக் குடுக்க எழுதி வச்சதாம். மொத்தம் இருபத்தேழு பேர். ஏழு வயசுக்குக் கீழ பதினொன்னு.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் தோட்டத்துக் கிணத்தடியில. வர்றவங்க பழைய செருப்புப் போட்டு வாங்க, வீட்டுக்கு வெளியிலேயே கழட்டி வைக்கணும்.